யூபிளாக் ஆரிஜின்: நிறுவியதோடு விட்டால் பாதிப் பலன்தான்

விளம்பரங்களையும், நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களையும் தடுக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் யூபிளாக் ஆரிஜின். 2014 முதல் ரேமண்ட் ஹில் உருவாக்கிவரும் கட்டற்ற மென்பொருள் இது. நன்கொடை வாங்குவதில்லை, காசு வாங்கிக்கொண்டு சில விளம்பரங்களை உள்ளே விடும் ஏற்பாடும் கிடையாது. பெயரில் ‘ஆரிஜின்’ இருக்கிறதா என்று பார்த்து நிறுவுங்கள். வெறும் ‘யூபிளாக்’ வேறு ஆட்களுடையது.

இதன் முழு பலமும் பயர்பாக்ஸில்தான். எக்ஸ்டென்ஷன்களுக்கான கூகுளின் புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 வந்தபின், குரோமில் பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் இடைமறித்துத் தானே முடிவெடுக்க எக்ஸ்டென்ஷனுக்கு வழியில்லை. விதிகளைப் பிரவுசரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அங்கே கிடைப்பது யூபிளாக் ஆரிஜின் லைட். சாதாரண விளம்பரங்களுக்கு அது போதும். ஆனால் தளத்தின் துணை டொமைன்போல வேடமிட்டு வரும் டிராக்கரை, இணைய முகவரிப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் சிநேம் பதிவை (ஒரு பெயர் உண்மையில் எந்தப் பெயருக்குப் போகிறது என்ற குறிப்பை) பார்த்துப் பிடிப்பது பயர்பாக்ஸ் பதிப்பு மட்டுமே.

பலரும் தொடாத, இதன் உண்மையான அருமை, வேறு தளங்களின் ஸ்கிரிப்டையும் ஃபிரேமையும் மொத்தமாகத் தடுக்கும் நடுத்தர முறையில் இருக்கிறது. அமைப்புகளில் ‘மேம்பட்ட பயனர்’ பெட்டியை டிக் செய்யுங்கள். ஐகானை அழுத்தி, விரியும் பலகையில் மூன்றாம் தரப்பு ஸ்கிரிப்ட் (வேறு தளத்திலிருந்து வந்து ஓடும் நிரல்), மூன்றாம் தரப்பு ஃபிரேம் (பக்கத்துக்குள் பதிக்கப்படும் வேறு தளத்தின் பக்கம்) ஆகிய இரண்டு வரிசைகளின் முதல் கட்டத்தையும் சிவப்பாக்குங்கள். முதல் கட்டம் எல்லாத் தளங்களுக்கும், இரண்டாவது திறந்திருக்கும் தளத்துக்கு மட்டும். பூட்டு ஐகானை அழுத்தினால்தான் மாற்றம் நிலைக்கும். இதை மறந்துவிட்டு, பிரவுசரை மூடித் திறந்ததும் எல்லாம் போய்விட்டதே என்று தவிப்பவர்கள் அதிகம்.

இனி சில தளங்கள் உடையும். வீடியோ ஓடாது, கேப்சா தெரியாது, பணம் கட்டும் பக்கம் வெறுமையாக நிற்கும். அப்போது தேவையான டொமைனின் இரண்டாவது கட்டத்தைச் சாம்பல் நிறமாக்கி, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பச்சை வேண்டவே வேண்டாம்! பச்சை நிறம், எதைத் தடுப்பது என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல்களையும் மீறி அனுமதித்துவிடும், டிராக்கரும் கூடவே நுழையும். சாம்பல் உங்கள் சிவப்புத் தடையை மட்டும் விலக்கும், பட்டியல்கள் காவலில் இருக்கும். எந்த டொமைன் என்று புலப்படவில்லையா? கோரிக்கைகளைப் பதிவுசெய்து காட்டும் லாகரைத் திறந்தால் தடுக்கப்பட்ட ஒவ்வொன்றும், தடுத்த விதியோடு சேர்ந்து தெரியும்.

குக்கி அறிவிப்புகளை மறைக்கும் பட்டியல்கள் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். வடிகட்டிப் பட்டியல்கள் தாவலில் நீங்களே இயக்க வேண்டும். பயர்பாக்ஸின் தனிப்பட்ட சாளரத்துக்கும் தனியாக அனுமதி தர வேண்டும்.

இன்னொரு விளம்பரத் தடுப்பானைக் கூடவே வைக்காதீர்கள். ‘தடுப்பானை அணை’ என்று மிரட்டும் பக்கங்களைச் சமாளிக்க யூபிளாக் ஆரிஜின் சில கோரிக்கைகளுக்குப் போலிப் பதில் கொடுக்கும். மற்றது அதே கோரிக்கையை முதலில் வெட்டிவிட்டால் மிரட்டல் திரும்ப வந்துவிடும்.