உடைந்த தறி லீவர்: வீட்டு சிஎன்சியா, புதூர் பட்டறையா?

மதுரை செல்லூரில் தறி வைத்திருக்கும் சித்தப்பா உடைந்த வார்ப்பிரும்பு லீவரோடு வந்தார். "இத நீயே வெட்டிருவியாடா, இல்ல புதூர்ல குடுத்துரவா?" கடையில் புதுசு கிடைக்கவில்லை. என் வீட்டில் இருப்பது ஒரு சின்ன சிஎன்சி மில், அதாவது கணினி சொல்கிறபடி உலோகத்தைச் சீவும் இயந்திரம்.

செலவு: வீட்டில் அலுமினியக் கட்டை, ஒரு எண்ட் மில் (சீவும் கட்டர்), கரண்டு. பட்டறையில் ஒரே ஒரு உருப்படி என்றாலும் செட்டிங் கூலி (இயந்திரத்தை அந்த வேலைக்குத் தயார் செய்ய) உண்டு.

உழைப்பு: முடிவே இதில்தான். மேசை மேல் நிற்கும் சின்ன மில்லுக்கு இறுக்கம் குறைவு. 6061 என்ற அலுமினியக் கலவையை அழகாகச் சீவும். எஃகில் அதிரும், கட்டர் முனை உதிரும். அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். நாளெல்லாம் அடிவாங்கும் லீவரை அதில் செய்தால் உலோகம் களைத்து விரிசல் விடும்.

அளவு: வீட்டில் துளை 0.1 மி.மீ. சிறிதானால் உடனே திருத்தலாம். பட்டறைக்கு வெர்னியரில் அளந்த வரைபடம் முதலிலேயே வேண்டும்.

மூடி, கைப்பிடி, சென்சார் தாங்கி எல்லாம் வீட்டிலேயே. லீவர், கியர், ஷாஃப்ட் பட்டறைக்கு.

சித்தப்பாவுக்கு இரண்டும் உதவின. அலுமினியத்தில் மாதிரி வெட்டித் தறியில் மாட்டிப் பார்த்தோம். ஒரு துளையைத் தள்ள வேண்டியிருந்தது. திருத்திய மாதிரியைப் புதூரில் கொடுத்து எஃகில் செய்து வாங்கினோம்.