ஹெர்குலிஸ்: எந்திரம் வாங்காமலே மெயின்பிரேமில் லினக்ஸ்

மெயின்பிரேம் எனும் பெரிய நிறுவனங்களின் ராட்சதக் கணினியில் ஆபரேட்டராக இரவுப் பணி பார்த்தே தலை நரைத்தவன் நான். பழைய ஐபிஎம் எந்திரம் ஏலத்தில் சல்லிசாகக் கிடைக்கிறதாமே, வாங்கி லினக்ஸ் போடலாமா என்று இளைஞர்கள் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர், பல்கலைக்கழகம் கழித்துவிட்ட இசட்890 எந்திரத்தை 250 டாலருக்கும் குறைவாக ஏலத்தில் எடுத்தது உண்மை. அரை டன்னைத் தாண்டும் அதன் எடையும் மின்கட்டணமும் ஒருபக்கம் இருக்கட்டும். அது 2004ஆம் ஆண்டு மாடல். ரெட் ஹாட் 7 என்ற லினக்ஸ் பதிப்பு ஓடுவதற்குக் குறைந்தது அதற்குப் பின் வந்த இசட்196 மாடல் வேண்டும், உபுண்டு 16.04 பதிப்புக்கு இன்னும் புதிய இசட்இசி12 வேண்டும். எந்திரம் வீடு வந்து சேர்ந்தாலும் புதிய லினக்ஸ் அதில் ஏறாது.

காசு செலவில்லாத வழி ஹெர்குலிஸ். ரோஜர் பௌலர் 1999இல் தொடங்கிய இந்த மென்பொருள், சாதாரணக் கணினிக்குள் ஒரு மெயின்பிரேமையே எழுப்பிக் காட்டுகிறது. இப்போது ஹைப்பீரியன் என்ற பெயரில் வளர்ந்துவருகிறது. என் மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை இதில்தான் நிறுவினேன்.

நிறுவும் விதம்தான் எனக்குப் பெரிய வேடிக்கை. மெயின்பிரேமின் 3390 வட்டு என்பது இங்கே வெறும் ஒரு கோப்பு. லினக்ஸின் மையமான கெர்னல், அளவுருக் கோப்பு, தொடக்க வட்டுப் பிம்பம் மூன்றையும் 3505 துளையட்டை வாசிப்பானில் அடுக்கிவைத்ததாக அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு 'ஐபிஎல் சி' (சி எண் சாதனத்திலிருந்து எந்திரத்தைத் தொடங்கு) என்று தட்டினால் போதும். 1970களின் அட்டை வாசிப்பான் வழியாக இன்றைய கெர்னல் உள்ளே போகிறது! நிறுவி முதலில் பிணைய விவரங்களைக் கேட்கிறது, மீதி வேலையை எஸ்எஸ்எச் எனும் தொலைநுழைவு வழியாக வந்து முடித்துக்கொள் என்கிறது.

அந்தப் பிணையம்தான் தலைவலி. ஹெர்குலிஸை மடிக்கணினியோடு பிணைக்கும் சிடிசி இணைப்பில் இரு முனைக்கும் முகவரி கொடுத்து, மடிக்கணினியில் தரவுப் பொட்டலங்களைக் கடத்திவிடும் விதிகளையும் நாமே எழுத வேண்டும். மெயின்பிரேமை முன்பே அறிந்தவர்களுக்காக எழுதிய ஹெர்குலிஸ் கையேடு, புதியவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாது. வேகமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை: பெரிய நிரலைத் தொகுக்கவிட்டால் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம்.

பிறகு எதற்கு இந்தப் பாடு? நமது கணினிகள் எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைப்பவை. மெயின்பிரேமில் முதல் பைட்டே முதலில் வரும். பைட் வரிசையைக் கவனிக்காத ஒரு நிரல், கோப்புத் தலைப்பில் இருந்த 1ஐ ஹெர்குலிஸில் 16777216 என்று படித்தது. இந்த வகைப் பிழை இன்டெல் கணினியில் வெளியே தெரியாமலே கிடக்கும்; அதைப் பிடிக்கத்தான் இந்தப் பாடு.

இந்தப் பைட் வரிசைச் சோதனை மட்டும் போதும் என்பவர்கள் மெயின்பிரேமைப் போலச் செய்யும் இன்னொரு மென்பொருளான கியூஇஎம்யூவுக்குப் போகலாம், தொல்லை குறைவு. ஐபிஎம்மின் மெயின்பிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ் போட்டுப் பார்க்கும் ஆசையில் யாரும் ஹெர்குலிஸ் பக்கம் வர வேண்டாம். அதற்கு ஐபிஎம் உரிமம் தருவதில்லை. அட்டை வாசிப்பானும் 3390ம் எப்படி வேலை செய்கின்றன என்று தொட்டுப் பார்க்க விரும்புகிறவர் ஒரு வார இறுதியை இதில் செலவிடலாம் என்பேன்.