பழைய பிக்கப்பில் புதிய மீட்டர் போர்டு: ஆறு மாத அனுபவம்

கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டருடன் வந்த என் பழைய பிக்கப்பில், அதே வரிசையின் பிந்தைய வண்டியிலிருந்து கழற்றிய மீட்டர் போர்டை மாட்டி ஆறு மாதங்கள் ஆகின்றன. இரவில் எண்கள் அனைத்தும் ஒரே சீராகத் தெரிகின்றன. மேடு பள்ளத்தில் வேகமுள் துள்ளுவதில்லை. போர்டைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி. ஆனால் முள் சொல்வது உண்மையா என்பது போர்டின் கையில் இல்லை, அதற்குத் தகவல் தரும் சென்சார்களின் கையில் இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே அறிந்திருந்தால், இரண்டு வாரப் பாடு மிச்சமாகியிருக்கும்.

பெட்ரோல் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கில் உள்ள மிதவை ஏறி இறங்கும்போது அதனுடன் இணைந்த மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் மீட்டர் படிக்கிறது. ஃபோர்டின் பழைய பிக்கப்களில் காலி டேங்குக்கு 73 ஓம், நிறைந்த டேங்குக்குச் சுமார் 10 ஓம். பின்னர் வந்தவற்றில் காலிக்கு 16, நிறைவுக்கு 158. அளவு மட்டுமன்றித் திசையே தலைகீழாகிவிட்டது. என் வண்டியிலும் இதே வகைக் குழப்பம்தான்: டேங்க் நிரம்ப நிரம்ப முள் காலியை நோக்கி இறங்கியது. போர்டைக் குறை சொல்லிப் பயனில்லை. டேங்க் மிதவையையும் புதிய வகைக்கு மாற்றிய பிறகே சரியானது. வெப்பநிலை, ஆயில் அழுத்தம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான் என்பதால், அந்தந்தச் சென்சாரையும் சேர்த்தே வாங்குங்கள்.

வேகத்திற்கு, கியர்பாக்ஸில் கேபிள் நுழையும் துளையிலேயே சுழற்சிக்கேற்ப மின்துடிப்பு தரும் சென்சார் ஒன்றைப் பொருத்தினேன். கேபிள் மைலுக்கு 1000 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், சுற்றுக்கு 8 துடிப்பு தரும் சென்சார் 8000 துடிப்புகளை அனுப்பும். போர்டு 4000 எதிர்பார்க்கும் வகையாக இருந்தால் 30 மைல் வேகத்தை 60 என்று காட்டிவிடும். ஆகவே இந்த இரண்டு எண்களையும் முதலில் ஒப்பிட வேண்டும். பிறகு ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு சரிபார்த்துக்கொள்ளலாம்.

நான் சற்றும் எதிர்பாராத இடத்தில் வந்தது சார்ஜ் விளக்குச் சிக்கல். வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தால் பேட்டரி 12.3 வோல்ட்டிலேயே நின்றது. ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்த பிறகே 14.2க்கு ஏறியது. பழைய போர்டின் சார்ஜ் பல்பு வழியாகப் போகும் மின்னோட்டமே, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பி வந்திருக்கிறது. புதிய போர்டில் பல்பு இருந்த இடத்தில் எல்இடி இருந்ததால் அந்த மின்னோட்டம் போதவில்லை. சார்ஜ் விளக்குக்கு இணையாக 47 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை இணைத்ததும், ஸ்டார்ட் ஆன உடனேயே சார்ஜ் ஏறத் தொடங்கியது. ஹெட்லைட் போட்டால் எல்லா முட்களும் சேர்ந்து நகர்ந்த மற்றொரு குறை, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து போர்டுக்குத் தனி எர்த் வயர் இழுத்ததும் நின்றது.

கழற்றிய போர்டு என்பதால் ஆயில் முள் அவ்வப்போது நடுங்கியது. முள்ளைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு நான்கே கால்கள்தான். சால்டரிங் பழகிய கை அரை மணி நேரத்தில் மாற்றிவிடும். ஆனால் முள்ளைப் பிடுங்கும் முன், அது நின்ற இடத்தை டேப்பில் குறித்துவையுங்கள். இல்லையேல் திரும்பச் செருகும்போது எல்லா அளவும் பிசகும்.

ஓடோமீட்டர் காட்டுவது முந்தைய வண்டி ஓடிய தூரத்தை. மாற்றிய தேதியையும் அன்று பழைய, புதிய ஓடோமீட்டர்கள் காட்டிய இரண்டு எண்களையும் எழுதி வண்டிப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். விற்கும் நாளில் வாங்குபவருக்கு அதைக் காட்டுவது என் கடமை.

வாங்க நினைப்பவர்கள், கனெக்டரையும் அதனுடன் ஒரு முழ வயரையும் சேர்த்து வெட்டித் தரக் கேளுங்கள், வயரிங் படமும் கையில் இருக்கட்டும். இன்ஜின் கணினியிலிருந்து கேன் (CAN, வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் தகவல் இணைப்பு) வழியாக மட்டும் தகவல் பெறும் போர்டாக இருந்தால், இடையில் தனி மாற்றிக் கருவி இல்லாமல் அது பழைய வண்டியில் வேலை செய்யாது. அத்தகையதை என்ன விலைக்குக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.