சுட்ட தக்காளியும் சூடான ஃபெட்டாவும்: விருந்தாளிகளுக்காகச் செய்து செய்து பழகிய அனுபவம்

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் முதலில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் சில வருடங்களாக ஒரே பதில்தான். நன்றாகச் சுட்ட தக்காளி, அதன் நடுவில் சூடாக ஒரு துண்டு ஃபெட்டா (உப்புநீரில் ஊறிய கிரேக்க வெள்ளைச் சீஸ்), பக்கத்தில் மொறுமொறுவென்று வாட்டிய ரொட்டி. பஜ்ஜி போட்டால் ஒருவர் அடுப்படியிலேயே நின்றாக வேண்டும். இதை ஓவனில் தள்ளிவிட்டு வந்தவர்களோடு உட்கார்ந்து பேசலாம். தக்காளியை மாற்றி, சீஸை மாற்றி, சட்டியை மாற்றிச் செய்து பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இது கிரேக்க நாட்டுப் பதார்த்தம். வடக்கு கிரேக்கத்தில், குறிப்பாகத் தெசலோனிகி நகரத்துச் சின்னச் சின்ன உணவகங்களில், ‘புயுர்தி’ என்ற பெயரில் கிடைக்கும். சிறிய மண்சட்டியில் ஃபெட்டாத் துண்டு, தக்காளி, காரமான பச்சை மிளகாய், காய்ந்த ஆரிகனோ, புக்கோவோ என்று அவர்கள் சொல்லும் காய்ந்த மிளகாய்ச் செதில், தாராளமாக ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். சட்டி கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும். சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அதே சட்டியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். ஃபெட்டாவையும் தக்காளியையும் சுட்டுப் பாஸ்தாவில் பிசைகிற முறை 2019இல் பின்லாந்தில் பரவியது. 2021 தொடக்கத்தில் டிக்டாக் வழியாக உலகம் முழுக்கப் போனது. நம்மில் பலருக்கு அந்த வீடியோக்கள் மூலமாகத்தான் இந்த ஜோடி அறிமுகம். எனக்குப் பாஸ்தாவைவிட ரொட்டியோடு சாப்பிடும் கிரேக்க வழிதான் பிடித்திருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அவர்கள் வழியிலிருந்து விலகுகிறேன். அங்கே எல்லாவற்றையும் ஒன்றாகவே ஓவனில் வைப்பார்கள். நான் தக்காளியை முன்கூட்டியே தனியாகச் சுட்டுவிடுவேன், சீஸ் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் உள்ளே போகும். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர்தான். அது வற்ற வற்றத்தான் இனிப்பும் புளிப்பும், நாக்கில் நின்று பேசுகிற அந்தக் குளுட்டமேட் (தக்காளியில் இயல்பாகவே இருக்கும் சுவைப்பொருள்) சுவையும் திரளும். அதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். சீஸுக்கோ பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் ஓரம் காய்ந்து உதிரத் தொடங்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால், சீஸ் பதமாக இருக்கும்போது தக்காளி சளசளவென்று இருக்கும். தக்காளி வற்றும்போது சீஸ் வறண்டுவிடும். தனித்தனியாகச் செய்தால் இரண்டுமே பதமாக வரும். அதைவிடப் பெரிய வசதி, தக்காளி வேலையைக் காலையிலேயே முடித்துவிடலாம். சென்னை மே மாதத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓவன் ஓடினால் வீடு என்ன ஆகும் என்று தெரியுமே! காலையில் சுட்டு, ஆறியதும் ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்துவிட்டால், விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் ஓவனை மறுபடி ஆன் செய்தால் போதும்.

தக்காளி விஷயத்துக்கு வருகிறேன். வீடியோக்களில் எல்லோரும் செர்ரி தக்காளிதான் போடுகிறார்கள். அது நன்றாகத்தான் இருக்கும், ஓவனில் தோல் வெடித்துத் தானாகக் குழம்பு விடும். ஆனால் இங்கே அதன் விலை அதிகம், பல நேரம் பெட்டிக்குள் பாதி சுருங்கியிருக்கும். நான் பெரும்பாலும் வாங்குவது சாதாரண நாட்டுத் தக்காளியும் பெங்களூர் தக்காளியும் சரிபாதி. பெங்களூர் தக்காளிக்குச் சதை கெட்டி, சுட்டபின்னும் உருக்குலையாது, ஆனால் சுவை கொஞ்சம் மந்தம். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் சாறும் அதிகம், சுட்டால் கரைந்து எண்ணெயோடு சேர்ந்துவிடும். இரண்டும் சேரும்போது ரொட்டியில் எடுத்து வைக்க ஒரு துண்டும் கிடைக்கும், தோய்க்கக் குழம்பும் கிடைக்கும். நாட்டுத் தக்காளி ரொம்பப் புளிக்கிற சமயத்தில் கால் டீஸ்பூன் நாட்டுச் சர்க்கரை தூவுவேன். விதையை எடுத்துவிடச் சொல்கிறார்கள் சிலர். வேண்டாம். விதையைச் சுற்றியுள்ள அந்தக் கொழகொழப்பில்தான் குளுட்டமேட் அதிகம். அதைக் கொட்டுவது சுவையைக் கொட்டுவதுதான்.

ஆறு பேருக்கு அரைக் கிலோ தக்காளி. இரண்டாக அரிந்து, வெட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி பீங்கான் தட்டில் அடுக்குவேன். தட்டையான தட்டு நல்லது. குழிவான பாத்திரத்தில் குவித்தால் ஆவி போக வழியில்லாமல் தக்காளி வெந்துவிடும், சுடாது. நாலு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், தோல் உரிக்காத ஆறு பூண்டுப் பல், கொஞ்சம் மிளகு. உப்பு மட்டும் இப்போது போடுவதில்லை, சீஸில் இருக்கிற உப்பே போதும். ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டும் எரிய, 200 டிகிரியில் நாற்பது முதல் ஐம்பது நிமிடம். நேரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். ஓரங்கள் கருஞ்சிவப்பாகி, தட்டின் விளிம்பில் சாறு ஒட்டிக் கறுக்கத் தொடங்க வேண்டும். அந்த ஒட்டின சாற்றை ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கலந்துவிடுங்கள், மொத்தச் சுவையும் அங்கேதான் இருக்கிறது. பூண்டைப் பிதுக்கினால் வெண்ணெய் மாதிரி வரும், அதையும் மசித்துச் சேர்த்துவிடலாம். தக்காளியின் மேல் அலுமினியத் தாள் மூடுவதைத் தவிர்த்துவிட்டேன். புளிப்பு பட்டால் தாள் அரித்து ஓட்டை விழுகிறது.

அடுத்து சீஸ். இதில்தான் நான் அதிகம் மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

ஃபெட்டா என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் பாதுகாப்பு இருக்கிறது. கிரேக்கத்தின் குறிப்பிட்ட பகுதிகளில், குறைந்தது எழுபது சதவீதம் செம்மறியாட்டுப் பாலும் மீதிக்கு வெள்ளாட்டுப் பாலும் கொண்டு செய்து, குறைந்தது இரண்டு மாதம் பக்குவப்படுத்தியதற்கு மட்டும்தான் அங்கே அந்தப் பெயர். இந்தியாவில் தயாராகி ஃபெட்டா என்று விற்பது பெரும்பாலும் பசும்பாலில் செய்தது. செம்மறியாட்டுப் பாலில் கொழுப்பு அதிகம், அதனால் சூடாகும்போது நடுப்பகுதி கிரீம் போலக் குழைகிறது, சுவையிலும் லேசான ஆட்டுவாசனையோடு ஒரு காரம். பசும்பால் ஃபெட்டா கொஞ்சம் சுண்ணாம்பு மாதிரி நிற்கும், ஆனால் வாசனை குறைவு. முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெரியவர்களுக்கு, நான் பசும்பால் ஃபெட்டாதான் வைப்பேன். இறக்குமதியானதைப் பழகிய நண்பர்கள் வரும்போது எடுப்பேன், விலையும் அப்படி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பாலைத் திரிக்க வைக்கிற ரென்னெட் பழைய முறையில் கன்று, ஆட்டுக்குட்டி இவற்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. கிரேக்க ஃபெட்டா பலவற்றில் அதுதான் இருக்கும். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் கவலையில்லை. புள்ளி இல்லாத இறக்குமதிச் சரக்கு என்றால் பொருட்பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். நம்பி வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாமல் அதைப் பரிமாறுவது சரியில்லை.

ஏன் மொட்சரெல்லா வேண்டாம், ஏன் ஃபெட்டா என்று கேட்கிறார்கள். மொட்சரெல்லா உருகி நூலிழுக்கும்போது அழகுதான், ஆனால் அந்த அழகுக்கு ஆயுள் ஐந்து நிமிடம். ஆறினால் ரப்பர். ஃபெட்டா புளித்துத் திரண்ட சீஸ். அதிலுள்ள கால்சியம் புளிப்பில் கரைந்து போய்விடுவதால் அது நூலாக உருகாது, மெத்தென்று குழையும். ஆறின பிறகும் அப்படியே தோய்த்துச் சாப்பிடலாம். நம் வீட்டு விருந்துகளில் ஆறு மணிக்கு வருகிறேன் என்றவர் ஆறரைக்கு வருவார், இன்னொருவர் ஏழுக்கு. அதற்குத் தோதான சீஸ் இதுதான்.

பாக்கெட்டிலிருந்து எடுத்த 200 கிராம் துண்டை உடைக்காமல் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்தால் அதிகப்படி உப்பு இறங்கிவிடும். துடைத்துவிட்டு, சுட்ட தக்காளியின் நடுவில் குழி பண்ணி வைத்து, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தக்காளி என்றால் அதை மட்டும் ஐந்து நிமிடம் முன்னதாகவே சூடாக்குங்கள். கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பி மட்டும். மூலைகள் லேசாகப் பொன்னிறமாகும். விரலால் தொட்டால் உள்ளே தளதளவென்று ஆடும், அதுதான் பதம்.

ஃபெட்டா கிடைக்காத ஊரில் பன்னீர் போடலாமா என்றால், போடலாம், ஆனால் அப்படியே துண்டாக வைத்தால் இறுகிவிடும். பன்னீரை உதிர்த்து, துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்கி வையுங்கள். ஃபெட்டா ஆகிவிடாது, ஆனால் புளிப்பும் மென்மையும் கிடைக்கும். என் அக்கா மகளுக்கு இதுதான் பிடிக்கும்.

மசாலாவில் கை அடக்கம் வேண்டும். புக்கோவோவுக்குப் பதில் காய்ந்த மிளகாயை வாட்டிக் கரகரப்பாகப் பொடித்துத் தூவுகிறேன், ஒரு மிளகாய் போதும். ஆரிகனோ பாட்டில் வாங்கி வெகுநாள் ஆன வீட்டில் அது வைக்கோல் வாசம்தான் வரும். அதற்கு நம் கற்பூரவல்லி நல்ல மாற்று. ஆரிகனோவுக்கு மணம் தருகிற கார்வக்ரால் என்ற பொருள்தான் கற்பூரவல்லியிலும் முக்கியமாக இருக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து இரண்டு இளம் இலை, பொடியாக அரிந்து, எண்ணெயில் ஒரு நிமிடம் வதக்கிச் சேர்த்தால் தெசலோனிகிக்காரர்களும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மூன்றாவது இலை சேர்த்தால் கஷாய வாசனை வந்துவிடும். கறிவேப்பிலை, கடுகு தாளித்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. அது வேறு பலகாரம், நன்றாகவும் இருக்கலாம், ஆனால் சீஸின் சுவை அதில் தெரியாது.

போன பொங்கல் சமயத்தில் பெரியம்மா வந்திருந்தார். தட்டைப் பார்த்துவிட்டு, “என்னடி இது, தொக்குல பன்னீரா?” என்றார். “சாப்பிட்டுப் பாருங்க பெரியம்மா” என்று ஸ்பூனால் நடுவில் ஒரு கீறல் போட்டேன். உள்ளிருந்து ஆவி கிளம்பியது, வெள்ளைச் சீஸ் சரிந்து தக்காளியின் சிவந்த எண்ணெயில் இறங்கி ஓரமெல்லாம் இளஞ்சிவப்பானது. ரொட்டியில் கொஞ்சமாக எடுத்து வாயில் போட்டவர், “புளிக்குழம்புல தயிர் விட்ட மாதிரி நல்லாத்தான் இருக்கு” என்று அடுத்த துண்டை எடுத்தார். அவர் சொன்னதற்கு மேல் இதன் சுவையை என்னால் சொல்ல முடியவில்லை.

ரொட்டி சாதாரணமாக இருந்தால் எல்லாம் கெட்டுவிடும். பாவ் பன், பால் ரொட்டி எல்லாம் இனிப்பு, குழம்பில் பட்டதும் கூழாகும். பேக்கரியில் நீள பிரெஞ்சு ரொட்டி கிடைத்தால் விரல் கனத்துக்கு வெட்டி, எண்ணெய் தடவி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். சூடாக இருக்கும்போதே பச்சைப் பூண்டை ஒரு தேய் தேய்த்தால் போதும்.

ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்பு வாணலியில் செய்யலாம். தக்காளியை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மூடாமல், சிறு தீயில் அரை மணி நேரம். கடைசியில் சீஸை வைத்து ஐந்து நிமிடம் மூடினால் குழைந்துவிடும். மேலே பொன்னிறம் வராது, சுவையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் புளிப்பை வாணலியிலேயே வைத்திருக்காமல் உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள், இரும்பு வாசனை ஏறும். ஏர் ஃப்ரையரில் தக்காளி சீக்கிரம் சுடும், ஆனால் அதன் காற்று சீஸை உலர்த்திவிடுகிறது. 180 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். மண்சட்டியில் செய்ய ஆசைப்பட்டால் சட்டியைக் குளிர்ந்த ஓவனில் வைத்துவிட்டுச் சூட்டை ஏற்றுங்கள். சூடான ஓவனில் நேராக வைத்தால் விரிசல் விடும். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் மேசையில் அதிக நேரம் வெதுவெதுப்பாக இருக்கிறது, எனக்கு இப்போது அதுதான் வழக்கம்.

மீந்தால் மறுநாள் காலையில் முறுகல் தோசைக்குள் தடவிச் சாப்பிடலாம், சூடான பாஸ்தாவிலும் கலக்கலாம். பூண்டு எண்ணெயில் ஊறிய பொருள் என்பதால் வெளியில் வைக்கவே கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பயன்படுத்தாத ஃபெட்டா மீதி இருந்தால், கொதித்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் உப்பைக் கரைத்து, கண்ணாடி டப்பாவில் சீஸ் முழுவதும் மூழ்கும்படி வையுங்கள். பாக்கெட்டைச் சுருட்டிக் கிளிப் போட்டு வைத்தால் நாலைந்து நாளில் மேலே பூஞ்சை பூக்கும். உப்புநீரில் இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும்.