பழைய ஜீப்புக்குப் புது பெட்ரோல் லைன்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

ஜீப் சிஜே-7, ஆறு சிலிண்டர், கார்ப்பரேட்டர் வண்டி. டேங்கிலிருந்து இன்ஜின் வரை இருந்த பெட்ரோல் லைன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. சேறு, மழை, பாறைத் தடம், கடும் வெயிலில் ஊர்ந்து போவது என்று எல்லாம் பார்த்துவிட்டது. இந்த வேலையை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த உலோகப் பைப் வாங்குவது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது அதை எந்த வழியாகக் கொண்டு போவது என்பதற்குச் செலவிடுங்கள். நான் போட்டதில் நன்றாக உழைத்தவை எல்லாமே வழி சரியாக அமைந்த இடங்கள்.

பழைய லைன் சாதாரண இரும்பு. வெளியே தெரிந்த நீளமெல்லாம் ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. கிளிப்பைக் கழற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவே சேறு புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு அங்கேதான் தின்னும். எனவே பழைய பைப்பை மேலோட்டமாகத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றிப் பாருங்கள். முன்பு வண்டி வைத்திருந்தவர் ஓட்டை விழுந்த இடத்தை வெட்டிவிட்டு ரப்பர் ஹோஸால் ஒட்டுப் போட்டிருந்தார். அந்த ஹோஸ் வளைத்தாலே வெடிப்பு விட்டது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்குவதில்லை.

பைப் விஷயம். இரும்பு உறுதியானது, கல் அடித்தாலும் எளிதில் நசுங்காது, ஆனால் மேல்பூச்சு உரிந்த இடத்தில் துரு ஆரம்பித்துவிடும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் முனையை விரித்து ஃபிளேர் போடுவதற்கு நல்ல கருவியும் கைப்பழக்கமும் வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் முனை வெடிக்கும். வெறும் செம்பு வளைக்கச் சுகமாக இருக்கும், அதனால் பலரும் ஆசைப்படுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிர்வு பட்டுப் பட்டு செம்பு இறுகி, ஒருநாள் ஃபிளேரின் கழுத்தில் விரிசல் விடும். நான் போட்டது செம்பு-நிக்கல் கலவை, ஏறத்தாழ 90 பங்கு செம்பும் 10 பங்கு நிக்கலும். கையாலேயே ஓரளவு வளைக்கலாம். இப்போது பளபளப்பு போய் மங்கிய பழுப்பாக இருக்கிறது, அரிப்பு எங்கும் இல்லை. ஒரே குறை, இரும்பைவிட மென்மை. பின் டயர் கல்லை வாரி அடிக்கும் இடத்தில் பைப்பின் மேல் சுருள் கம்பி உறை போட்டேன். உறையில் அடிபட்ட தழும்புகள் இருக்கின்றன, உள்ளே பைப் அப்படியே இருக்கிறது. இரும்புக்கு மாறுவேனா என்றால், மாட்டேன்.

இனி வழி. முதலில் தடித்த கம்பியை டேங்கிலிருந்து இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்ப் வரை, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு ஒட்டி வளைத்து அச்சு எடுத்துக்கொண்டேன். பைப்பை நேராக வண்டியில் வைத்து வளைத்தால் ஓர் இடத்தில் நசுங்கும், அந்த நீளமே வீண். அச்சு கையில் இருந்தால் மேசையில் வைத்து பெண்டரால் நிதானமாக வளைக்கலாம். பைப் சேசிஸ் ரெயிலின், அதாவது நீளவாக்கில் ஓடும் சட்டத்தின், உள்பக்கமாக, அடி விளிம்புக்கு மேலே போக வேண்டும். அடி விளிம்புக்குக் கீழே ஒரு விரல் இறங்கினாலும் அது பாறைக்குக் கொடுத்த காணிக்கை. லீஃப் ஸ்பிரிங்கும் (பட்டை வில்) ஆக்சிலும் முழுவதும் மேலே ஏறும்போது எங்கே வந்து நிற்கும் என்பதை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கிளிப் போடுங்கள். வண்டி தட்டையான தரையில் நிற்கும்போது தாராளமாகத் தெரியும் இடைவெளி, ஒரு சக்கரம் பாறைமேல் ஏறியதும் காணாமல் போய்விடும்.

புகைக்குழாய்க்கும் சைலன்சருக்கும் எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35–40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பம்புக்கு முன்னால் இருக்கும் பைப்பில் உறிஞ்சல் வேறு இருப்பதால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்ப் ஆவியை இழுக்கத் திணறும், இன்ஜின் இருமி நிற்கும். புகைக்குழாயைக் கடக்க வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் தகடு வெட்டி வெப்பத்தடுப்பு வைத்தேன், தகட்டுக்கும் பைப்புக்கும் நடுவே காற்றோட இடம் விட்டு. மின்கம்பியைப் பெட்ரோல் பைப்போடு சேர்த்துக் கட்டுவதைப் பல வண்டிகளில் பார்க்கிறேன். கம்பியின் உறை தேய்ந்தால் என்னாகும் என்று யோசித்தாலே பதறுகிறது. இரண்டும் தனித்தனி வழியில் போகட்டும்.

கிளிப் ரப்பர் வைத்த வகை, 30 முதல் 40 செ.மீ. இடைவெளியில். ஒரே பைப்பைப் பாதி சேசிஸிலும் பாதி பாடியிலும் பிடிக்கக் கூடாது. மேடுபள்ளத்தில் இரண்டும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளும். இன்ஜினும் தன் ரப்பர் தாங்கிகளில் ஆடும் என்பதால் சேசிஸ் பைப்பிலிருந்து பம்புக்கு வளையும் ஹோஸ்தான், கொஞ்சம் தளர்வோடு. தகட்டு ஓட்டை வழியாகப் போகும் இடங்களில் குரோமெட், அதாவது ஓட்டை விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம், கட்டாயம்.

ஹோஸில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். கார்ப்பரேட்டர் வண்டியின் பம்ப் தருவது சில பிஎஸ்ஐ அழுத்தம்தான், அதனால் எஸ்ஏஇ ஜே30 என்ற எரிபொருள் ஹோஸ் தரவரிசையில் ஆர்7 தர ஹோஸே போதும் என்பார்கள். அழுத்தக் கணக்கில் அது சரிதான். ஆனால் ஆர்9 தரத்தில் உள்ளே இருக்கும் ஃபுளோரின் ரப்பர் அடுக்கு எத்தனாலையும் தாங்கும், ஆவியையும் அதிகம் வெளியே விடாது. வண்டியை மூடிய இடத்தில் நிறுத்துபவர்களுக்கு இந்த வித்தியாசம் மூக்கிலேயே தெரியும். என் வண்டியில் இன்ஜின் பக்கம் ஆர்9 போட்டேன், டேங்க் அருகே சில துண்டுகள் ஆர்7. இப்போது ஆர்9 துண்டுகள் அமுக்கினால் மீள்கின்றன, ஆர்7 துண்டுகள் விறைக்கத் தொடங்கிவிட்டன. ஒன்று கவனிக்க வேண்டும்: டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு ஆர்9 ஆகாது, வெளித்தோல் ஊறிப்போகும். அதற்கென்று ஆர்10 இருக்கிறது.

ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் பல் வெட்டிய திருகு வகை ஹோஸை அறுக்கும். விளிம்பு மடித்த, சுற்றிலும் சமமாக அழுத்தும் வகையை வாங்குங்கள். ஹோஸ் ஏறும் பைப் முனையில் சிறிய புடைப்பு போட்டுவிட்டால் கழன்று வராது. முதல் சில ஓட்டங்களில் இன்ஜின் சூடாகி ஆறியதும் கிளாம்பை மறுபடி முறுக்க வேண்டியிருந்தது, அதன்பின் தொந்தரவு இல்லை. பம்புக்கு முந்தைய இணைப்பு தளர்ந்தால் பெட்ரோல் சொட்டாது, காற்றை உறிஞ்சும். ஏற்றத்தில் இன்ஜின் திக்குகிறது, கீழே கசிவும் இல்லை என்றால், கார்ப்பரேட்டரைப் பிரிக்கும் முன் இந்த இணைப்புகளைப் பாருங்கள்.

சிஜே வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. வரும் லைன் 5/16 அங்குலம், திரும்பும் லைன் 1/4 அங்குலம். ஃபில்டரில் மூன்றாவதாக ஒரு முனை இருக்கும், திரும்பும் லைன் அதில்தான் சேரும். அந்த முனை மேல்நோக்கி இருக்கும்படி ஃபில்டரைப் பொருத்த வேண்டும். ஆவி மேலே ஏறி அந்த வழியே டேங்குக்குத் திரும்பிவிடும். திரும்பும் லைனை அடைத்துவிட்டு இரண்டு முனை ஃபில்டர் போட்ட வண்டிகள், நின்று கிளம்பும்போது சூட்டில் அடம்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். என் வண்டியில் உச்சி வெயிலில் ஊர்ந்து போனாலும் அந்தத் தொல்லை வரவில்லை.

இந்தக் கோடைக்குள் டேங்கை இறக்கி ஆர்7 துண்டுகளை ஆர்9 ஆக்கப் போகிறேன். டேங்கின் மேல்பக்க ஹோஸும் காற்றுவழி ஹோஸும் டேங்கை இறக்கினால்தான் கைக்கு எட்டும். எனவே நீங்கள் எந்தக் காரணத்துக்காக டேங்கை இறக்கினாலும், பார்க்க நன்றாக இருந்தாலும் அவற்றை மாற்றிவிடுங்கள். இறக்கும் முன் பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.