முடிப்பாசிக்கு எது சரி: நத்தையா, ஜி.எஃப்.ஓ.வா, கீட்டோவா?

ஐம்பது, அறுபது லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள், பாறையில் பச்சை முடி போல முடிப்பாசி முளைத்ததும் முதலில் போய் நிற்பது மீன் கடையில்தான். "ரெண்டு நத்தையப் போடுங்க அண்ணாச்சி, தின்னு தீர்த்திரும்" என்பார் கடைக்காரர். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் ஃபாஸ்பேட்டை உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ. குருணை என்பார், இன்னொருவர் சத்தைப் போட்டியிட்டு இழுக்கும் கீட்டோ பாசி என்பார். மூன்றுமே வேலை செய்யும். ஆனால் திருநெல்வேலி வெயிலிலும் நம் வீட்டுத் தண்ணீரிலும் மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தின் விலைக்குப் பயந்து நம்மில் பலர் தொட்டி மேல் ஃபேன்தான் மாட்டியிருக்கிறோம். ஃபேன் குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். சித்திரை வெயிலில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் குறைகிறது என்று வையுங்கள், மாதத்துக்கு 45 லிட்டர் ஊற்றுகிறோம். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். ஊற்றிய தண்ணீரோடு வந்த ஃபாஸ்பேட், சிலிகேட், நைட்ரேட் எதுவும் ஆவியாகாது. அது தொட்டியிலேயே சேர்ந்துகொண்டு போகும், பாசிக்குத் தினம் ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், பவளத்துக்கு ஆகாது. போர் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கே" என்பவர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி அளந்து பாருங்கள். ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் பல வீட்டு ஆர்.ஓ.க்களில் உண்டு. அப்புறம் மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. மெம்பரேன் முடிகிற இடத்திலேயே குழாயைப் பிரித்து, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் வழியாக விட்டால் மீட்டர் பூஜ்யம் காட்டும். காட்டவில்லை என்றால் கீழே சொல்லும் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

சரி, நத்தை. உடனே பலன் தெரிவது இதில்தான். டர்போ நத்தை ஒரே ராத்திரியில் பாறையில் பாதை போட்டுவிடும். ஆனால் தின்றதைக் கழிவாகத் தொட்டிக்குள்ளேயே விடுகிறது, ஆக சத்து வெளியே போவதில்லை. பெரிய டர்போ, ஒட்டாத பவளத் துண்டுகளைப் புரட்டித் தள்ளிவிடும். பாசி தீர்ந்தால் பட்டினி. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலோ ராத்திரி கரண்ட் போய் ஆக்சிஜன் குறைந்தாலோ ஒன்று செத்துக் கிடக்கும், சின்னத் தொட்டியில் அந்த ஒரு நத்தை அழுகினாலே போதும். நான் டிரோக்கஸ் வகையைத்தான் சொல்வேன். கவிழ்ந்து விழுந்தாலும் தானே நிமிர்ந்துவிடும். அஸ்ட்ரியா மணலில் கவிழ்ந்தால் நாம்தான் கைகொடுக்க வேண்டும். பாசி நீளமாக வளர்ந்துவிட்டால் எந்த நத்தையும் சீந்தாது, முதலில் கையால் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

ஜி.எஃப்.ஓ. என்பது இரும்பு ஆக்சைடு குருணை. துருப்பிடித்த மணல் போல இருக்கும், கழுவும்போது செந்தண்ணீர் தெளியும் வரை விட வேண்டும். ஃபாஸ்பேட்டை உறிஞ்சுவதில் இதற்கு நிகர் கிடையாது. அந்த வேகம்தான் ஆபத்தும். பாக்கெட்டில் போட்ட அளவை அப்படியே கொட்டி இரண்டு நாளில் ஃபாஸ்பேட்டை அடிமட்டத்துக்கு இறக்கினால் பவளம் வெளிறும், நுனி கருகும். பாதி அளவில் தொடங்குங்கள். 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருந்தால் போதும். பூஜ்யமாக்கினால் பாசி போய் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற வழவழப்பான பழுப்பு நுண்ணுயிர்) வரும், அது இதைவிடப் பெரிய தலைவலி. இன்னொன்று, முடிப்பாசி அடர்ந்திருக்கும்போது ஃபாஸ்பேட் அளக்கும் கிட் பூஜ்யம் காட்டினால் நம்பாதீர்கள். வந்த சத்தை எல்லாம் பாசி குடித்துவிட்ட பிறகு மிச்சத்தைத்தான் கிட் அளக்கிறது.

கீட்டோ பார்ப்பதற்குப் பச்சை நைலான் கயிற்றைப் பிரித்துச் சுருட்டி வைத்தது போல இருக்கும். அதுவும் பாசிதான். சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) இல்லாதவர்கள் தொட்டியின் பின்பக்கம் தொங்கும் பெட்டியில் ஒரு கைப்பிடி போட்டு, சின்ன எல்.இ.டி. ஒன்றை வைத்தால் போதும். விளக்கு ராத்திரியில் எரிய வேண்டும். தொட்டி இருட்டில் கிடக்கும் நேரத்தில் கீட்டோ வேலை செய்தால் பி.எச். ரொம்ப இறங்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியைப் பிய்த்து எறிகிறோமே, அதோடு நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் வீட்டை விட்டே போகின்றன. நத்தையால் முடியாதது இது. குறை, மெதுவாகத்தான் பலன் தெரியும். முதல் மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பலர் அதற்குள் கைவிட்டுவிடுகிறார்கள். ராத்திரி கரண்ட் போனால் கீட்டோவும் ஆக்சிஜனை இழுக்கும், ஆகவே பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

கீட்டோ கிடைக்கவில்லை என்று கடல்திராட்சையைப் போடாதீர்கள். காலர்பா இனம் அது, திடீரென்று வித்துகளை வெளிவிட்டு ஒரே நாளில் தண்ணீரைக் கலக்கிவிடும். உவரிப் பக்கம் கரையில் ஒதுங்கிய பவளப் பாறையை எடுத்து வருவதும் கூடாது. கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை.

மூன்று நாள் விளக்கணைப்பு முடிப்பாசியை வெளுக்க வைக்கும், வேரோடு போக்காது. சிவப்புச் சவ்வாகப் படர்ந்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா, நத்தை தொடாது. டியூபால் உறிஞ்சி எடுங்கள். புதுத் தொட்டியில் பழுப்புத் தூள் படிந்தால் டயாட்டம், பெரும்பாலும் தானே போய்விடும்.

என் கணக்கில் 60 லிட்டர் தொட்டிக்கு கீட்டோவும் இரண்டு மூன்று டிரோக்கஸும். ஜி.எஃப்.ஓ. அலமாரியில் இருக்கட்டும், ஃபாஸ்பேட் 0.2-ஐத் தாண்டினால் எடுக்கலாம். தொங்கும் பெட்டிக்கும் இடமில்லாத மிகச் சின்னத் தொட்டி என்றால் மட்டும் ஜி.எஃப்.ஓ. முதலில். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குக் குடும்பத்தோடு மூன்று நாள் கிளம்புகிறவர்கள், கீட்டோ விளக்கை டைமரில் போட்டுவிட்டு, ஒரு வாளி டி.ஐ. தண்ணீரில், குறைந்த தண்ணீரைத் தானே ஊற்றும் ஆட்டோ டாப்-அப் பம்பை இறக்கிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுப் போனால் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றி வைப்பான்.