கிளியர்ஃபில் எஸ்.இ. பொண்ட்: நல்ல பல்லிலும் சூத்தைப் பல்லிலும் பிடிமானம் எப்படி?

வெள்ளை அடைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைப் பல்லோடு பிடித்து வைத்திருக்கும் பசை சரியில்லை என்றால் பிரயோசனம் இல்லை. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் என் கிளினிக்கில் நான் இப்போது நம்பிப் பாவிப்பது, ஜப்பானின் குராரே நிறுவனம் செய்யும் கிளியர்ஃபில் எஸ்.இ. பொண்ட். இரண்டு சின்னப் போத்தல்கள்: முதலில் பூசும் பிரைமர் 6 மில்லிலீற்றர், அதன்மேல் பூசும் பொண்ட் 5 மில்லிலீற்றர். பிரைமரே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது என்பதால், எனாமல் என்ற வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் தனியாக அமிலம் பூசிக் கழுவத் தேவையில்லை. அதிலுள்ள எம்.டி.பி. என்ற மூலக்கூறு பல்லின் கல்சியத்தையே பிடித்துக்கொள்கிறது.

நல்ல டென்டினில் இதன் பிடியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் இதைப் பூசி அடைத்த பற்களை 13 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலான அடைப்புகள் விழாமல் நின்றன. ஆனால் அவை சூத்தைப் பற்கள் அல்ல. ஈறோரம் தேய்ந்துபோன பற்கள். என் கதிரையில் வந்து இருப்பவர்களோ பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பிளேன்ரீ குடித்தவர்கள், பல் வலித்தால்தான் வருபவர்கள்.

சூத்தையைக் கரண்டியால் சுரண்டும்போது முதலில் ஈரமாக, மெத்தென்று அள்ளுப்பட்டு வரும். அது கிருமி நிறைந்தது, எடுத்தே ஆகவேண்டும். அதற்குக் கீழே மண்ணிறத்தில், தோல் மாதிரி கொஞ்சம் இழுபடும் ஒரு படை இருக்கும். "டொக்டர், அந்தக் கறுப்பு முழுக்க எடுத்துப்போட்டு அடையுங்கோ" என்று கோப்பாயிலிருந்து வரும் ஒரு அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார். "அக்கா, இன்னும் கிண்டினால் நரம்பு வெளியில வந்திடும்" என்று சொல்லி அந்தப் படையை விட்டுவிடுவேன்.

பசைக்குச் சோதனை அங்கேதான். அந்தப் படையில் கல்சியம் குறைவு, தண்ணீர் கூட, டென்டினின் நுண்குழாய்களும் உப்புப் படிந்து அடைபட்டிருக்கும். பிரைமர் ஆழமாக இறங்கும், ஆனால் பசையிலுள்ள ரெசின் என்ற பிசின் அடிவரை போய்ச் சேராது. ஈரம் ஊறிய சுவரில் பெயின்ற் அடித்த மாதிரி, மேலே பார்க்க நன்றாக இருக்கும். பசை மூடாமல் விட்ட, டென்டினின் கொலாஜன் என்ற புரத நார்களைப் பல்லுக்குள்ளேயே இருக்கும் நொதிகள் காலப்போக்கில் அரித்துவிடும். இது கிளியர்ஃபிலுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. எந்தப் பசையானாலும் சூத்தை பட்ட டென்டினில் பிடி குறையத்தான் செய்யும்.

அதனால் குழியின் அடியைவிட விளிம்பில்தான் நான் நேரம் செலவழிக்கிறேன். சுற்றிவர, கரண்டி பட்டால் 'கிறீச்' என்று சத்தம் வரும் அளவுக்கு நல்ல பல் தெரியவேண்டும். விளிம்பிலுள்ள எனாமலுக்கு மட்டும் பொஸ்பரிக் அமில ஜெல்லை 15 செக்கன் வைத்துக் கழுவுவேன். பிரைமரின் அமிலம் எனாமலுக்குப் போதாது. அப்புறம் பிரைமரை 20 செக்கன் விடாமல் தேய்க்கவேண்டும். மேலே திரவம் அசைவது நிற்கும்வரை மெதுவாகக் காற்று அடிக்கவேண்டும். சூத்தை பட்ட இடத்தில் ஏற்கெனவே ஈரம் கூட என்பதால் இந்தக் காற்றில் அவசரப்படவே கூடாது. பிறகு பொண்ட் பூசி 10 செக்கன் லைற் பிடித்தால் சரி.

யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. இதை 2 முதல் 8 பாகைக்குள் பிறிட்ஜில் வைக்கவேண்டும். ஒரு முகவர் கொழும்பிலிருந்து ஐஸ் இல்லாமல் வெறும் பெட்டியில் பஸ்ஸில் போட்டு அனுப்பினார்; நான் திருப்பி அனுப்பிவிட்டேன். வாங்குபவர்கள் ஐஸ் பெட்டியில்தான் வரவேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். கறண்ட் அடிக்கடி போகும் இடத்தில் கிளினிக் வைத்திருந்தால் அறை வெப்பத்தில் வைக்கக்கூடிய ஒற்றைப் போத்தல் பசை வசதி. எனக்கு இரண்டு போத்தல் வேலை கரைச்சலாகத் தெரியவில்லை.

ஈறுக்குக் கீழே இறங்கி, விளிம்பில் எனாமலே மிஞ்சாத சூத்தைக்கு மட்டும் நான் இதை எடுப்பதில்லை. அங்கே ஈரத்தைத் தடுக்கவே முடியாது. அதற்கு, ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புச் சீமெந்துதான்.